உஷார்! 16 மணி நேர வேலைக்குத் தலையாட்ட முன்

லண்டனில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு இது அவசரக் குறிப்பு. யூனிவேர்சல் கிரெடிட் எடுத்துக்கொண்டு ஒரு பகுதி நேர வேலைக்குப் போக நினைக்கிறீர்களா? மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. சம்பளம் எந்தத் திகதியில் வரும், மாதம் ஒருமுறையா, நாலு கிழமைக்கு ஒருமுறையா? இதைக் கேட்காமல் போய், இரண்டு மூன்று மாதத்துக்குள் வாடகை பிந்தி, வேலையே வேண்டாமென்று திரும்பி வந்தவர்களை ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அவர்களில் யாரும் சோம்பேறிகள் இல்லை. விஷயத்தை முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான்.

வேலைக்குப் போனால் கையில் மிஞ்சும். அதில் சந்தேகம் வேண்டாம். 2025-26 கணக்கைப் பாருங்கள். வாடகைக்கும் சேர்த்து யூனிவேர்சல் கிரெடிட் எடுக்கும் தாய்க்கு மாதம் 411 பவுண் வரை உழைப்பில் கை வைக்கமாட்டார்கள். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டுவார்கள். மணிக்கு 12.21 பவுண் குறைந்தபட்சச் சம்பளத்தில் கிழமைக்கு 16 மணி நேரம் செய்தால் மாதம் சராசரி 846 பவுண். வெட்டுப் போவது 239. மிச்சம் 607 பவுண் உங்களுடையது. ‘வேலைக்குப் போனால் எல்லாம் நிற்பாட்டிப் போடுவாங்கள்’ என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆனால் இந்த 16 என்ற எண்ணிலேதான் கண்ணி இருக்கிறது.

பழைய இன்கம் சப்போர்ட், டாக்ஸ் கிரெடிட் காலத்தில் தனித்தாய்க்கு 16 மணி நேரம் ஓர் எல்லைக்கோடு. அந்த டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5-ஆம் திகதியோடு முடிந்தே போய்விட்டது. யூனிவேர்சல் கிரெடிட்டில் அப்படியொரு மணி நேரக் கோடு கிடையாது. இருந்தும் கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் ‘பதினாறு செய், அதுக்கு மேல போகாதை’ என்ற புத்திமதி இன்னும் ஓடுகிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு மாதம் நானூறு பவுண் இழக்கலாம். எப்படி என்று பொறுமையாகப் பாருங்கள்.

பெனிபிட் கேப் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு லண்டனுக்குள் மாதம் 2,110 பவுண், வெளியே 1,835. அதற்கு மேல் உங்கள் பெனிபிட் கணக்கு ஏறினால் மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள். லண்டன் வாடகைக்கு இந்த வரம்பு எந்த மூலைக்கு? இதிலிருந்து தப்ப ஒரு வழி, 2025-26 கணக்கில் மாதம் 846 பவுணாவது உழைத்திருப்பது. குறைந்தபட்சச் சம்பளத்தில் 16 மணி நேரம் செய்தால் வரும் அதே தொகை. பிறகென்ன என்கிறீர்களா? சுப்பர்மார்க்கெட், கிளீனிங், கேரர் வேலைகளில் பல இடங்களில் சம்பளம் நாலு கிழமைக்கு ஒருமுறைதான் போடுவார்கள். 16 மணி நேரத்துக்கு நாலு கிழமைச் சம்பளம் 781 பவுண். கம்ப்யூட்டருக்கு நீங்கள் கிழமைக்கு எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பது தெரியாது. உங்கள் ஒரு மாதக் கணக்குக் காலத்துக்குள், அவர்கள் ‘அசெஸ்மென்ட் பீரியட்’ என்கிறார்களே, அதற்குள் எவ்வளவு விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும். 781 விழுந்தால் 846-க்குக் குறைவு. கேப் விழும். வருடத்தில் 13 சம்பளம், 12 மாதம். ஆக 11 மாதம் கேப், ஒரேயொரு மாதம் விடுதலை.

இதே நிலையில் இருந்த ஒரு தனித்தாய் நீதிமன்றம் போனார். கீழ்மன்றத்தில் வென்றார். 2021-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்துவிட்டது. எனவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று இருக்காதீர்கள்.

25 வயதுக்கு மேற்பட்ட ஒரு தாய், 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகள், யூனிவேர்சல் கிரெடிட் ஏற்றுக்கொள்ளும் வாடகை 1,500 பவுண் என்று வையுங்கள். 16 மணி நேரத்தில், நாலு கிழமைச் சம்பளத்தில், கேப்பினால் போவது மாதம் சுமார் 360 பவுண். அதே வேலையை 18 மணி நேரமாக எடுத்தால் நாலு கிழமைக்கு 879 பவுண். கேப் கழன்றுவிடும். கூடின சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால், கிழமைக்கு இரண்டே இரண்டு மணி நேரத்துக்காக வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 400 பவுண் கூட வருகிறது. வேலை தருகிறவரிடம் வாய் திறந்து கேளுங்கள்: ‘பதினெட்டுத் தர ஏலுமா?’ பிள்ளைக்கு டி.எல்.ஏ. என்ற இயலாமைக் கொடுப்பனவு கிடைக்கும் வீடுகளுக்கு இந்தக் கேப் இல்லை. மற்ற எல்லோரும் கணக்குப் பாருங்கள். இந்தக் குறிப்பில் உள்ள தொகைகள் 2025-26-க்கு உரியவை, ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறக்கூடியவை, ஆகவே ஒவ்வோர் ஏப்ரலிலும் திரும்பப் பாருங்கள்.

அந்த ஒரே ‘விடுதலை’ மாதத்திலும் கவனம் தேவை. இரண்டு சம்பளம் ஒரே கணக்குக் காலத்துக்குள் விழுந்தால் வெட்டு 204-லிருந்து 634 பவுணாக ஏறும். அந்த நேரம் கையில் காசு நிறைய இருப்பதுபோலத் தெரியும். பிள்ளைக்குச் சப்பாத்து, ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு என்று கரைந்துவிடும். கணக்குக் காலம் முடிந்து ஏழு நாளில் வரும் யூனிவேர்சல் கிரெடிட்டைப் பார்த்தால், கேப் விழாத வீடென்றால் 430 பவுண் குறைந்திருக்கும், வாடகை அதே வாடகை. ஒன்லைனில் உங்கள் யூனிவேர்சல் கிரெடிட் ஜேர்னலைத் திறந்து கணக்குக் காலத் திகதிகளைக் கலண்டரில் எழுதி, பக்கத்தில் சம்பளத் திகதிகளையும் எழுதுங்கள். இரண்டும் மோதும் மாதம் முன்கூட்டியே தெரிந்துவிடும். அதற்கு அடுத்த கணக்குக் காலத்தில் மருந்துக் கடையில் இலவசக் கட்டத்தில் டிக் போடவும் வேண்டாம். பிள்ளை உள்ளவர்களுக்கு முந்தைய கணக்குக் காலத்தில் 935 பவுண் வரை உழைத்திருந்தால்தான் மருந்து இலவசம். பிழையாக டிக் போட்டால் 100 பவுண் வரை அபராதக் கடிதம் வரும்.

இன்னொரு பொறி, நேர்சரி. பதிவு செய்த இடத்துக்குக் கட்டினால் 85 சதவீதம் திருப்பித் தருவார்கள். 2025-26-இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031 பவுணுக்குச் சற்று மேல் வரை, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 1,768-க்குச் சற்று மேல் வரை. ஆனால் முதலில் நீங்கள் கட்ட வேண்டும். நேர்சரியோ டெபாசிட்டும் முதல் மாதக் காசும் ஒன்றாகக் கேட்கும். சம்பளமே வராத தாய் எங்கே போவாள்? கடனுக்குப் போகாதீர்கள். ஜொப்சென்டரில் ‘ஃபிளெக்ஸிபிள் சப்போர்ட் ஃபண்ட்’ என்று ஒரு நிதி இருக்கிறது. முதல் முறைக் காசை அதிலிருந்து கட்ட வழியுண்டு, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் வேலை தொடங்க முன்பே. வேர்க் கோச் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். பிறகு கட்டும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது எடுத்து, கட்டிய கணக்குக் காலத்துக்கு அடுத்த காலம் முடிய முன் பதிவு செய்துவிடுங்கள். பிந்தினால் அந்தக் காசு போனதுதான். பக்கத்து வீட்டு அன்ரி எவ்வளவு அன்பாகப் பார்த்தாலும், பதிவு இல்லையென்றால் அவருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பென்ஸும் திரும்பாது.

அடுத்ததை இரண்டு முறை வாசியுங்கள். வேலை செய்யும் பெற்றோருக்கான 30 மணி நேர இலவச நேர்சரிக்கு, இப்போது இங்கிலாந்தில் ஒன்பது மாதப் பிள்ளையிலிருந்தே கிடைப்பதற்கு, ஒன்லைனில் விண்ணப்பிக்கும்போது அதே படிவத்தில் ‘டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கெயர்’ என்ற இன்னொன்றும் வரும். பெயர் நன்றாக இருக்கிறது என்று அதையும் அழுத்திவிடாதீர்கள்! அது கிடைத்த மாத்திரத்தில் யூனிவேர்சல் கிரெடிட் முழுவதும் நின்றுவிடும், வாடகைக் காசும் சேர்த்து. இலவச மணி நேரத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள்.

‘அக்கா, கையில காசு தாறம், சிலிப் ஒண்டும் வேண்டாம், பெனிபிட்டும் அப்படியே வரும்.’ எங்கள் ஆட்களின் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் கேட்கும் வசனம் இது. நன்மை செய்வதுபோல் இருக்கும். பெரும்பாலும் மணிக்கு ஏழெட்டுப் பவுண்தான் அந்தக் கையில் காசு. லீவுக் காசு இல்லை, வருத்தம் வந்தால் காசு இல்லை, நாளைக்கு வரவேண்டாம் என்றால் கேட்க நாதி இல்லை. பிடிபட்டால் வாங்கிய பெனிபிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டியது நீங்கள், வழக்கு வந்தாலும் நிற்க வேண்டியது நீங்கள். பேஸ்லிப் என்பது முதல் நாளிலிருந்தே உங்கள் சட்ட உரிமை. ஒரு தனித்தாயின் பயத்தை மலிவான கூலியாக மாற்றுகிறவனை நான் உதவி செய்கிறவன் என்று சொல்லமாட்டேன்.

சீட்டுக் காசிலும் கண் வையுங்கள். வங்கியில் 6,000 பவுணைத் தாண்டினால் பெனிபிட் குறையத் தொடங்கும், 16,000-க்கு மேல் நின்றுவிடும். மற்றவரின் காசை உங்கள் கணக்கில் வைக்க விடவே விடாதீர்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசு வாங்குகிறவருக்கு ஜேர்னல் பாஸ்வேர்டும் வேண்டாம்.

ஆங்கிலம் கஷ்டமென்றால் ஜொப்சென்டரில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசம். தயவு செய்து பத்து வயதுப் பிள்ளையை இருத்தி வாடகைக் கடிதத்தை வாசிக்க வைக்காதீர்கள். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ, தனிப் பெற்றோருக்கான ஜிஞ்சர்பிரெட் அமைப்பிடமோ உங்கள் எண்களைக் கொடுத்துக் கணக்குப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு டிசம்பரில் நத்தார் என்று முந்திப் போட்டு, இரண்டு சம்பளம் ஒரே காலத்தில் விழுந்தால், ஒன்றை அடுத்த காலத்துக்கு மாற்றச் சொல்லி ஜேர்னலில் எழுதுங்கள். நாலு தனித்தாய்மார் வழக்காடி 2020-இல் வென்று தந்த வழி அது. எந்த முடிவு பிழையாகத் தெரிந்தாலும் அதைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு இருப்பது முடிவு வந்த திகதியிலிருந்து ஒரு மாதம். அந்த மாதம் ஓட முன் எழுதிவிடுங்கள்.