பதினாறு படிகளிலிருந்து லெ மோர்ன் வரை: மொரீஷியஸில் ஒரு நாள்

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில், எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தீவு மொரீஷியஸ். நீளம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், அகலம் 45 கிலோமீட்டர். காலையில் ஒரு கரையில் கிளம்பினால் மாலைக்குள் மறுகரையைத் தொட்டுவிடலாம். ஆனாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்பதால், வழிகாட்டியோடு செல்லும் பயணங்களை வடக்குச் சுற்று, தென்மேற்குச் சுற்று எனப் பிரித்து நடத்துவது வழக்கம். தலைநகரில் தொடங்கித் தென்மேற்கு முனையில் முடித்துக்கொண்டால், இயற்கைக் காட்சிகளோடு தீவின் வரலாறும் அந்த ஒரு நாளுக்குள் அடங்கும்.

இந்தத் தீவுக்குப் பூர்வகுடிகள் கிடையாது. இங்கே வாழும் ஒவ்வொருவரின் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்கள்தாம். 1598இல் வந்திறங்கிய டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மோரிஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார்கள். 1638இல் குடியேறி, கருங்காலி மரங்களை வெட்டிக் கரும்பை நட்டார்கள். 1710இல் கைவிட்டுப் போனார்கள். பறக்கத் தெரியாத டோடோ பறவை அவர்கள் காலத்தோடு அழிந்தது. 1715இல் பிரெஞ்சுக்காரர்களும் 1810இல் ஆங்கிலேயரும் தீவைக் கைப்பற்றினார்கள். சுதந்திரம் கிடைத்தது 1968 மார்ச் 12இல்.

முதல் நிறுத்தம் தலைநகர் போர்ட் லூயிஸ். இதைத் துறைமுக நகரமாக உருவாக்கியவர் 1735இல் ஆளுநராக வந்த மஹே த லா பூர்தொனே. அவர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களும் கைவினைஞர்களும் அழைத்து வரப்பட்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு தமிழர் கால் பதித்தது அப்படித்தான்.

துறைமுகத்தை ஒட்டியிருக்கிறது அப்ரவாசி காட். யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்த இடத்தின் பரப்பு 1,640 சதுர மீட்டர்தான். அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு ஆங்கிலேய அரசு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கியது. அப்படி வந்தவர்களை இறக்கிப் பதிவு செய்வதற்காக 1849இல் இந்த முகாம் கட்டப்பட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களில் கப்பலேறியவர்கள் படகிலிருந்து இறங்கி, 16 கற்படிகளில் ஏறி உள்ளே வந்தார்கள். மருத்துவமனை, சமையற்கூடம், கழிப்பிடங்கள், காவலர் அறை ஆகியவற்றின் கருங்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. ஓரிரு நாள் இங்கே வைத்திருந்து, ஆளுக்கொரு எண் கொடுத்துத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் தீவுக்கு வந்தார்கள். அவர்களின் பதிவேடுகள் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பாட்டன், பூட்டனின் ஊரைத் தேடுபவர்கள் அந்த எண்ணைக் கொண்டே தேடுகிறார்கள்.

சற்று நடந்தால் நகரச் சந்தை. அங்கே ‘காத்தோ பிமான்’ என்ற பிரெஞ்சுப் பெயரில் சுடச்சுட விற்கும் பலகாரத்தைத் தமிழர் யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஊறவைத்த பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயத்தாளும் மல்லித்தழையும் கலந்து எண்ணெயில் பொரித்தெடுத்த அது, பருப்பு வடையின் உடன்பிறப்பு. அதற்குக் கொடுக்கும் 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ரங்கநாதன் சீனிவாசன். இந்நாட்டு ரூபாய் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் தமிழுக்கு. 1998இல் வெளியான நோட்டுகளில் அந்த வரிசை மாறியிருந்தது. தமிழர்கள் கொதித்தெழவே, அரசு அவற்றைத் திரும்பப் பெற்றது.

போர்ட் லூயிஸிலிருந்து தெற்கே போகும் சாலை மெல்ல மேடேறி, நடுப் பீடபூமியிலுள்ள க்யூர்பிப் நகரை அடைகிறது. கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே இங்கே தூறலும் மூடுபனியுமாக இருப்பது சாதாரணம், குடை வேண்டும். ‘மான்களின் குழி’ என்று பொருள்படும் த்ரூ ஓ செர்ஃப் இந்த ஊரில்தான் இருக்கிறது. உறங்கும் எரிமலையின் வாய் இது. 300 மீட்டருக்கு மேல் விட்டம் கொண்ட பெருங்கிண்ணம். உட்சரிவு முழுவதும் மரங்கள், அடியில் சேறும் சிறு குளமும். விளிம்பைச் சுற்றிவரும் சாலையிலிருந்து பார்த்தால் மலைத்தொடர்களும் கரும்புக் காடுகளும் தெரிகின்றன. கரும்பு வயல்களின் நடுவே ஆங்காங்கே கருங்கல் குவியல்கள் எழுந்து நிற்கும். எரிமலைப் பாறைகள் நிறைந்த நிலத்தை உழுவதற்காகத் தொழிலாளர்கள் கையால் பொறுக்கி அடுக்கிய கற்கள் அவை.

அடுத்தது கிராண்ட் பாசான். இதுவும் எரிமலை வாயில் நீர் நிறைந்து உண்டான ஏரியே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்துக்கள் இங்கே யாத்திரை வரத் தொடங்கினார்கள். 1972இல் கங்கை நீரைக் கொண்டுவந்து கலந்ததிலிருந்து இதற்குக் கங்கா தலாவ் என்று பெயர். சாலையோரம் 33 மீட்டர் உயரச் சிவன் சிலை திரிசூலத்தோடு நிற்கிறது. குஜராத்தின் வடோதரா நகர ஏரியில் உள்ள சிலையை மாதிரியாகக் கொண்டது. மகா சிவராத்திரியின்போது, பூவும் வண்ணத்தாளும் சுற்றிய மூங்கில் சட்டங்களைத் தோளில் சுமந்து, தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் லட்சக்கணக்கானோர் நடந்தே வருகிறார்கள். மற்ற நாள்களில் கரை அமைதியாக இருக்கும். படித்துறையில் படைத்த வாழைப்பழத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் குரங்குகள் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அங்கிருந்து மேற்கே திரும்பும் சாலை பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் ஓரமாகப் போகிறது. 1994இல் அமைந்த இந்தப் பூங்கா, தீவின் பழங்காட்டில் எஞ்சியதைக் காக்கிறது. காட்சி மேடையில் நின்றால் பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல்வரை இறங்குகின்றன. 1974இல் காட்டில் நான்கே நான்கு எஞ்சியதாக அறியப்பட்ட மொரீஷியஸ் சிறுவல்லூறு, கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டில் விடும் முயற்சியால் மீண்டது. டோடோவுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

மதிய உணவுக்குப் பின் ஷமாரெல். 80 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து கொட்டும் அருவியைக் கடந்தால் ஏழு வண்ண மண்மேடு. சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள் என்று அலையலையாகக் கிடக்கும் இந்த மண்ணில் ஒரு புல்கூட முளைப்பதில்லை. எரிமலைப் பாறை வெப்பத்திலும் மழையிலும் சிதைந்து களிமண்ணானது. நீரில் கரைவன எல்லாம் கரைந்து போக, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிஞ்சின. செம்மையும் பழுப்பும் இரும்பால் வந்தவை. நீலமும் ஊதாவும் அலுமினியத்தால் வந்தவை. வெயில் நன்றாக விழும்போதுதான் நிறங்கள் பிரிந்து தெரியும். மண்மேட்டைச் சுற்றி வேலி இருப்பதால் மிதிக்க முடியாது.

கடைசி நிறுத்தம், தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டிருக்கும் லெ மோர்ன். 556 மீட்டர் உயரமுள்ள இந்தப் பாறை மலையின் குகைகளிலும் உச்சியிலும், தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்களே அவர்களில் பெரும்பாலோர். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டதைச் சொல்லப் படையினர் மலையேறியதாகவும், தங்களைப் பிடிக்க வருவதாக எண்ணி அவர்கள் மேலிருந்து குதித்து உயிர்விட்டதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. யுனெஸ்கோ 2008இல் இம்மலையைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

பயணத்தின் வரிசையும் வரலாற்றின் வரிசையும் இங்கே தலைகீழாக இருக்கின்றன. மாலையில் பார்க்கும் மலைதான் கதையின் முதல் பகுதி. அடிமைகள் விடுதலை பெற்றதும் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அதற்காகவே காலையில் பார்த்த 16 படிகள் கட்டப்பட்டன. இவ்விரண்டையும் நினைவுகூரும் நாள்கள் இந்நாட்டில் அரசு விடுமுறை. பிப்ரவரி 1இல் லெ மோர்ன் அடிவாரத்திலும், கூலிகளின் வருகையைக் குறிக்கும் நவம்பர் 2இல் அப்ரவாசி காட்டிலும் மலர் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள்.