முலையூட்டிகளின் விந்தணு வால்

முலையூட்டிகளின் உயிர்க்கலங்களுள், தான் தோன்றிய உடலை விட்டு நீங்கிப் பிறிதோர் உடலினுள்ளே தன் தொழிலை முடிக்க வேண்டியது விந்தணு ஒன்றேயாம். இப்பயணத்திற்கு அதற்கு வாய்த்த கருவி வால். மனித விந்தணு ஏறத்தாழ 60 மைக்கிரோமீற்றர் நீளமுடையது. அதில் தலை ஏறக்குறைய 5 மைக்கிரோமீற்றரே. எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் வாலேயாகும். 1677ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு லீவன்ஹூக் என்பார் தாமே அமைத்த உருப்பெருக்கியால் விந்தணுக்கள் நீந்துவதைக் கண்டார். எனினும், வாலினுள்ளே யாதுளது என்பது இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பின்னரே தெளிவாயிற்று.

வாலைக் குறுக்கே வெட்டி நோக்கின், நடுவே இரு தனி நுண்குழாய்களும், அவற்றைச் சூழ ஒன்பது இரட்டைக் குழாய்களும் காணப்படும். இவ்வமைப்பு அச்சிழை எனப்படும். ஒவ்வோர் இரட்டையினின்றும் அடுத்த இரட்டையை நோக்கி இருவரிசைக் கைகள் நீண்டிருக்கும். 1965இல் கிப்பன்ஸ் என்பார் இக்கைகளின் புரதத்துக்குத் தைனீன் எனப் பெயரிட்டார். அக்கைகள் கலத்தின் ஆற்றற்பொருளைச் செலவிட்டு, அயலிலுள்ள இரட்டையைப் பற்றித் தள்ளுகின்றன.

தள்ளுதல் வளைதலாவது எவ்வாறு? ஒரு கட்டுத் தாளின் ஒரு முனையை இறுகப் பற்றிக்கொண்டு வளைத்தால், மறுமுனையில் தாள்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கும். வாலில் இது மறுதலையாக நிகழ்கின்றது. குழாய்கள் அடியிற் பிணிக்கப்பட்டிருத்தலால் அவற்றின் வழுக்கல் வளைவாக மாறுகின்றது. இருபுறக் கைகளும் மாறிமாறித் தொழிற்படுதலால் வால் இருபுறமும் அசைகின்றது.

இவ்வச்சிழை பாசிகளிலும் உண்டு. முலையூட்டிகளின் விந்தணுவிலோ அதைச் சூழ ஒன்பது தடித்த புறநார்கள் அமைந்து, நீண்ட வாலுக்கு விறைப்பையும் வலிமையையும் தருகின்றன. நடுத்துண்டில் இழைமணிகள் சுருளாகச் சுற்றி ஆற்றலை அளிக்கின்றன. அடுத்துள்ள முதன்மைத் துண்டை நாருறையொன்று போர்த்திருக்கின்றது. வெல்லத்தைச் சிதைத்து ஆற்றல் பெறும் நொதியங்கள் அதில் தங்கியுள்ளன. இறுதித் துண்டில் அச்சிழையும் மென்சவ்வுமே எஞ்சும்.

இத்துணை நுண்ணிய கையொன்று இல்லாதொழியின் விளைவு யாது? 1976இல் சுவீடன் நாட்டு அஃப்சீலியஸ், பிள்ளைப்பேறற்ற ஆடவர் சிலரை ஆராய்ந்தார். அவர்தம் விந்தணுக்கள் உயிருடனிருந்தும் அசையவில்லை. வாலில் தைனீன் கைகளைக் காணவில்லை. அவர்கள் நெடுங்காலமாகச் சுவாசநோயாலும் வருந்தியவர்கள். சுவாசக் குழாயிற் சளியை வெளியேற்றும் பிசிர்களும் அதே அமைப்பினவாதலே இதற்குக் காரணம். கருவில் உடலின் இடவலத்தை வகுப்பனவும் தைனீனால் அசையும் பிசிர்களே. ஆதலின் இக்குறையுடையோருள் ஏறத்தாழ அரைவாசிப்பேரில் இதயம் முதலிய உறுப்புக்கள் இடம்வலம் மாறியமைகின்றன.

அசையாத விந்தணுவும் பயனற்றதன்று. விந்தணு ஒன்றை நுண்ணூசியாற் சூலினுள் நேரே செலுத்திப் பெற்ற கருத்தரிப்புக்கள் 1992இல் அறிவிக்கப்பட்டன. வால் செய்யவியலாத பயணத்தை ஊசி செய்து முடித்தது. பிள்ளையில்லாக் குறையைப் பெண்மேலேயே சுமத்தும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கண்ணுக்குப் புலனாகாத ஒரு கையின் குறைவும் அதற்குக் காரணமாகலாம் என்பதை அறிந்தோர், ஆராயாது அப்பழியைக் கூறத் துணியார்.