கழுகு பூட்டிய சிம்மாசனம்

பாரசீகப் புராண மன்னர்களில் எனக்குத் தீராத எரிச்சலைத் தருபவர் கைகாவூஸ். 1010-இல் பிர்தௌசி முடித்த ‘ஷாநாமா’ காவியத்தில் வருகிறார். சைத்தான் உசுப்பிவிட, வானத்தையும் ஆள ஆசை. கழுகுக் குஞ்சுகளைப் பிடித்துவந்து கறி போட்டு வளர்த்தார். சிம்மாசனத்தில் ஈட்டிகளை நட்டு, நுனியில் ஆட்டுத்தொடையைத் தொங்கவிட்டு, பசித்த நான்கு கழுகுகளைப் பூட்டினார். கறியை எட்டப் பறவைகள் பறக்க, ஆசனமும் மேலெழுந்தது. எப்படி இறங்குவது என்று மட்டும் மனிதர் யோசிக்கவில்லை! கழுகுகளின் இறக்கை ஓய்ந்துபோக, ஆமுல் காட்டில் விழுந்தார்.

மீட்டுவரப் போனவர்களில், வழக்கம்போல, மாவீரன் ருஸ்தம். முன்பு மாஸந்தரானில் வெள்ளைப் பூதத்தால் பார்வையிழந்து கிடந்தவரைக் காப்பாற்றியவனும் அவனே. ஆனால் ருஸ்தமின் மகன் சொஹ்ராப் குத்துப்பட்டுச் சாகக் கிடந்தபோது, கைவசமிருந்த மருந்தைத் தர மறுத்தார் கைகாவூஸ். அப்பனும் மகனும் சேர்ந்தால் தன் அரியணை ஆடுமென்ற பயம்.