கோவிற்பற்றும் கிராமச் சபையும்

யாழ்ப்பாணத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்தோர் 'கோவிற்பற்று' என்னும் சொல்லை அறிவர். போர்த்துக்கேயரும் அவர்பின் வந்த ஒல்லாந்தரும் தேவாலயத்தை நடுவாக வைத்து ஊர்களைப் பகுத்தனர்; சமயக் காரியங்களுக்காக வகுத்த எல்லையே அரச காரியங்களுக்கும் உதவிற்று. இங்கிலாந்திலும் இதே வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அந்நாட்டுக் கோவிற்பற்று நாளடைவில் ஒரு சிறு மக்களாட்சி மன்றமாக மாறிய வரலாற்றை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பதினாறாம் நூற்றாண்டு தொடங்கி, ஆங்கிலக் கிராமத்தின் தெருக்களைச் செப்பனிடுவதும் ஏழைகளைப் பராமரிப்பதும் கோவிற்பற்றின் கடமைகளாயின. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி, ஒவ்வொரு கோவிற்பற்றிலும் ஏழையர் மேற்பார்வையாளர் நியமிக்கப்பட்டு, நிலபுலம் உடையோரிடம் வரி தண்டினர். இக்காரியங்களைப் பற்றி ஆராய வரி செலுத்துவோர் தேவாலயத்தில் கூடினர். ஆயினும் அக்கூட்டத்திலே எல்லோரும் சமமானவரல்லர். 1818ஆம் ஆண்டுச் சட்டமொன்று, சொத்தின் பெறுமதிக்கேற்ப ஒருவருக்கு ஆறு வாக்குகள் வரை அளித்தது. ஆகவே, நிலக்கிழாரும் குருவானவரும் சொல்வதே பெரும்பாலும் ஊரின் முடிவாயிற்று. வயலில் உழைத்த கூலியாளின் குரலுக்கு அங்கே இடமில்லை.

இந்நிலை மெல்ல மெல்ல மாறியது. 1872இல் யோசேப் ஆர்ச் என்பவர் பண்ணைத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிச் சங்கம் அமைத்தார். 1884இல் கிராமத்துத் தொழிலாளர் பலருக்குப் பாராளுமன்ற வாக்குரிமை கிடைத்தது. நாட்டின் சட்டமன்றத்துக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் ஒருவன், தன் ஊரின் கிணற்றைப் பற்றியும் ஒற்றையடிப் பாதையைப் பற்றியும் வாய்திறக்கக் கூடாதென்பது எவ்வாறு பொருந்தும்? இக்கேள்விக்கு விடையாக வந்ததே 1894ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம். அவ்வாண்டு டிசம்பரில் முதற் கிராமச் சபைகள் தெரிவாயின.

அச்சட்டம் தேவாலயக் காரியங்களைத் தேவாலயத்துக்கே விட்டுவிட்டு, ஊர்க்காரியங்களை மக்களிடம் ஒப்படைத்தது. முந்நூறு பேரும் அதற்கு மேற்பட்டோரும் வாழும் கிராமக் கோவிற்பற்றுக்குச் சபை உண்டு; அதனிலும் சிறிய ஊர்களுக்கு வாக்காளர் அனைவரும் கூடும் ஊர்க்கூட்டம் உண்டு. மணமான பெண்களும் உறுப்பினராகலாம் என்று விதித்தது குறிப்பிடத்தக்கது. பாராளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிப்பதற்கு 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது அன்றோ!

சட்டத்தின் வேறொரு விதி மிகச் சிறியது. ஆயினும் கருத்தூன்றி நோக்கத்தக்கது. ஊர்க்கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கலாகாது என்பதே அது. பகற்பொழுதில் கூட்டம் வைத்தால் ஓய்வுடையோர் மட்டுமே வருவர். கூலியாள் ஒரு நாட் சம்பளத்தை இழந்தே வரவேண்டும். வாக்குரிமையை ஏட்டிலே கொடுத்துவிட்டு நேரத்தாலே பறிக்கும் தந்திரத்துக்கு அவ்விதி இடம்வைக்கவில்லை. மதுச்சாலையிலும் கூட்டம் நடத்தலாகாது. தகுந்த வேறிடம் கிடையாவிடத்து மட்டுமே அதற்கு விலக்குண்டு. இவ்விரு விதிகளும் இன்றுவரை நிலைத்துள்ளன.

பணவிடயத்திலும் தொடக்கத்தில் கடும் கட்டுப்பாடு இருந்தது. சொத்து மதிப்பில் ஒரு பவுணுக்கு மூன்று பென்சுக்கு மேற்பட்ட வரிச்சுமை ஏற்படும் செலவுக்கு ஊர்க்கூட்டத்தின் சம்மதம் வேண்டும். இன்றைய சபைகள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. சபை தானே வீடு வீடாக வரி அறவிடுவதில்லை. ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு, வேண்டிய தொகையை வரி சேகரிக்கும் பெரிய மன்றத்துக்கு அறிவிக்கும். அம்மன்றம் அதனைச் சேகரித்துக் கொடுத்தல் வேண்டும்.

இப்பணத்தால் ஆவன யாவை? சேமக்காலையைப் பராமரித்தல், விளையாட்டுத் திடலின் புல்லை வெட்டுவித்தல், பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை அமைத்தல், தெருவிளக்கு ஏற்றுவித்தல், காய்கறி பயிரிடுவோருக்குச் சிறு நிலத்துண்டுகளைக் குத்தகைக்கு விடுதல் முதலியனவாம். நிலத்துண்டு வேண்டுமென ஆறு வாக்காளர் எழுதிக் கேட்டால், சபை அக்கோரிக்கையை ஆராய்ந்தே ஆகவேண்டும். புதிய வீடுகள் கட்டும் விண்ணப்பங்கள் பற்றிச் சபை கருத்துரைக்கலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரமோ பெரிய மன்றத்துடையது. அறிக்கைகளை எழுதி, கணக்கைக் காத்து, சட்டம் பிறழாது வழிநடத்துபவர் சபையின் இலிகிதர். உறுப்பினருட் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள்.

சபை கூடுவதற்கு மூன்று முழு நாட்களுக்கு முன் அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். பொதுமக்களும் பத்திரிகையாளரும் கூட்டத்துக்கு வரும் உரிமையை 1960ஆம் ஆண்டுச் சட்டமொன்று உறுதிசெய்தது. பின்னாளிற் பிரதமரான மார்கிரட் தட்சர் புதிய உறுப்பினராகப் பாராளுமன்றத்திற் கொண்டுவந்த சட்டம் அது.

நமது நாட்டின் பிரதேச சபைகள், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தவை, பல கிராமங்களை ஒருங்கே அடக்குவன. ஆங்கிலச் சபையோ பெரும்பாலும் ஓர் ஊருக்கு, அல்லது அயலிலுள்ள சில ஊர்களுக்கு, உரியது. உறுப்பினரைத் தெருவிலே நிறுத்தி, "மதகு ஏன் இன்னும் திருத்தப்படவில்லை?" என்று கேட்கலாம், மறுமொழி கூறாது அவர் தப்பமுடியாது. அதிகாரம் சிறிதாயினும் பொறுப்பு அருகிலே இருப்பதுதான் இச்சபையின் பலம்.

ஆயினும் ஒரு குறையைக் கூறாதுவிடல் நேர்மையாகாது. இன்று பல ஊர்களிலே சபை இடங்களுக்குப் போட்டியிடுவோர் போதவில்லை. போட்டியின்றியே உறுப்பினர் தெரிவாகின்றனர். எஞ்சிய இடங்களுக்குச் சபையே ஆள் தேடி நியமிக்கின்றது. ஆறு வாக்குடைய செல்வர் இன்று இல்லை. எனினும், வருவோர் சிலராயின், அச்சிலரின் விருப்பமே மீண்டும் ஊரின் முடிவாகிவிடும். உழைப்பாளி வரட்டுமென்று சட்டம் மாலை ஆறு மணி வரை காத்திருக்கின்றது. மண்டபத்துக்குள் வந்து அமரவேண்டியது ஊரவரின் கடமை.