தலதாவும் அரியணையும்

இலங்கையின் பழைய தலைநகரங்களில் அரண்மனையையும் புத்த கோயிலையும் பிரித்துப் பார்க்க முடியாது. பல இடங்களில் இரண்டும் கூப்பிடு தூரத்தில்தான் நிற்கின்றன. அதற்குக் காரணம், பௌத்தர்கள் புத்தரின் பல் என்று வணங்கும் தந்ததாது. சிங்களத்தில் அதை தலதா என்பார்கள். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கலிங்க இளவரசி ஹேமமாலை அதைத் தன் கூந்தலுக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள் என்பது மரபு. நாளடைவில், தலதா யார் கையில் இருக்கிறதோ அவருக்கே நாட்டை ஆளும் உரிமை என்ற நம்பிக்கை வேரூன்றியது. தலைநகர் இடம் மாறும்போதெல்லாம் தலதாவும் கூடவே போயிற்று. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போகிற பயணி இந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனால், பாண்டிய நாட்டின் கதையும் பாதிக்குப் பாதி கலந்து வருவதைக் காணலாம்.

முதலில் பொலன்னறுவை. சோழர் ஆட்சியை 1070இல் முடிவுக்குக் கொண்டுவந்த முதலாம் விஜயபாகு, இங்கே தலதாவுக்கு அட்டதாகே என்ற மாளிகையைக் கட்டினார். அதன் பக்கத்திலேயே ஹட்டதாகே இருக்கிறது. அது 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லர் பெயரால் அறியப்படுவது. அங்கிருந்து சற்றுத் தெற்கே முதலாம் பராக்கிரமபாகுவின் அரண்மனை. ஏழு மாடி, ஆயிரம் அறை என்கிறது வரலாற்று நூல். எஞ்சியிருப்பவை தடித்த செங்கல் சுவர்கள்தான். ஆயிரம் அறைக் கணக்கைச் சற்றுத் தள்ளியே படித்தாலும், மேல்மாடி உத்திரங்கள் செருகியிருந்த குழிகளை அந்தச் சுவர்களில் இன்றும் பார்க்கலாம்.

அட்டதாகேயின் அருகே ஒரு பலகைக் கல் நிற்கிறது. அதிலிருப்பது தமிழ். விஜயபாகு இறந்த பிறகு, தலதா மாளிகையைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டு வெட்டிவைத்த உறுதிமொழி அது. சிங்கள அரசனின் பௌத்தக் கோயிலுக்குத் தமிழ்ப் படை காவல் நின்றிருக்கிறது. சுற்றுலா வண்டிகள் கல் விகாரையின் சயனப் புத்தரைப் பார்க்கிற அவசரத்தில் இருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் இந்தக் கல்லுக்கு முன்னால் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். அதே பழைய நகரில் வானவன்மாதேவி ஈஸ்வரம் என்ற சோழர் கால சிவன் கோயிலும் இருக்கிறது. முழுக்கக் கல், தஞ்சைப் பக்கத்துச் சாயல்.

அடுத்தது யாப்பகூவா. படையெடுப்புகளுக்குப் பயந்து, 13ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு ஒரு தனிப் பாறையை அரணாக்கி அதைத் தலைநகராக்கினார். பார்க்க வேண்டியது அங்குள்ள படிக்கட்டு. மூச்சு வாங்க வைக்கும் செங்குத்து. கைப்பிடிச் சுவர்களின் மேல் பிதுங்கிய கண்களோடு சிங்கங்கள். வாசல் மண்டபத்தின் அடிப்பகுதியில் மத்தளக்காரர்களும் ஆடும் பெண்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் நிலையும் தூண்களின் அமைப்பும் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகியவருக்கு அந்நியமாகத் தெரியாது. ஒரே கல்லில் வட்ட வட்டமாகக் குடைந்த இதன் சன்னல் ஒன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புவனேகபாகு 1284இல் இறந்ததை ஒட்டி, மாறவர்மன் குலசேகர பாண்டியனின் படை ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையில் இறங்கியது. யாப்பகூவா விழுந்தது, தலதா பாண்டிய நாட்டுக்குப் போயிற்று. சில ஆண்டுகள் கழித்து மூன்றாம் பராக்கிரமபாகு, போர் தொடுக்காமல் நேரே மதுரைக்குப் போய், பாண்டியனிடம் இணக்கமாகப் பேசித் தலதாவைத் திருப்பி வாங்கி வந்தார். அது இல்லாமல் பொலன்னறுவையில் அவர் அரியணைக்கு மதிப்பில்லை. படையால் போனது பேச்சால் திரும்பிய இந்தக் கதை தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுவதில்லை.

கடைசி நிறுத்தம் கண்டி. முதலாம் விமலதர்மசூரியன் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலதாவை இங்கே கொண்டுவந்தார். 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் மதுரையோடு மண உறவு கொண்ட நாயக்கர் வம்சத்தினர். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான், இலங்கையில் அற்றுப்போயிருந்த துறவிப் பட்டத்தை மீட்க, 1753இல் சயாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்தவர். அவருக்குக் கப்பல் கொடுத்தவர்கள், கொழும்பையும் தூத்துக்குடியையும் அப்போது கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள். ஏரியும் எண்கோண மண்டபமும் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டியவை. 1815 மார்ச் 2ஆம் நாள், மரத்தூண்கள் நிறைந்த அரசவை மண்டபத்தில், நாட்டை ஆங்கிலேயர் கைக்கு மாற்றிய கண்டி ஒப்பந்தம் படிக்கப்பட்டது. அரசர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் இறந்தார். சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது.

தலதா மாளிகையில் காலை இரண்டு வேளை, மாலை ஒரு வேளை பூசை. தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். வெள்ளை உடுத்துவது வழக்கம். காலணியை வெளியே விட வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது அவமரியாதை. கீழ்த்தளத்தில் பறை முழங்க, தாமரையும் அலரியும் ஏந்திய வரிசை மாடிக்கு நகரும். பல்லைப் பார்க்க முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த பேழைகளில் வெளிப்பேழை மட்டும் சில நொடிகள் கண்ணில் படும். அடுத்திருக்கும் தெய்வக் கோயில்களில் பத்தினி தெய்யோ என்பவள் நம் கண்ணகிதான். ஆடி, ஆவணி வாக்கில் நடக்கும் எசல பெரஹரா திருவிழாவில் அவள் ஊர்வலமும் சேர்ந்து போகும்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனி கப்பல் விட்டது. 2011 ஜூனில் மீண்டும் ஒரு பயணிகள் கப்பல் ஓடி, சில மாதங்களிலேயே நின்றுபோனது. இன்று இந்தக் கரையிலிருந்து கிளம்புபவர் மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்குவது எளிது. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கண்டிக்கு ரயில் உண்டு. யாப்பகூவாவுக்கு வடக்குப் பாதையில் மாகோ சந்திப்பில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். தலதா போன வரிசையிலேயே பார்க்க விரும்பினால் பொலன்னறுவையில் தொடங்கி, யாப்பகூவா வழியாகக் கண்டிக்கு வருவது நல்லது. கண்டியை முதலில் பார்த்துவிட்டால், மற்ற இரண்டும் வெறும் இடிபாடுகளாகத் தோன்றிவிடும்.