பார் வேலைக்கு போகலாமா? கீழ்பென்னாத்தூர் வாலிபர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன?

கீழ்பென்னாத்தூர்,

காலேஜில் படித்துக்கொண்டே நாலு காசு பார்க்க நினைக்கும் வாலிபர்களுக்கு கீழ்பென்னாத்தூர் பக்கம் கிடைக்கிற பகுதி நேர வேலை கொஞ்சம்தான். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங், பவுர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலப்பாதையில் ஏதாவது ஒரு கடை. அதை விட்டால் வயல் வேலை. இந்த வரிசையில் இப்போது 'பார்டெண்டர்' வேலை பற்றியும் பேச்சு அடிபடுகிறது. செல்போனில் வருகிற வீடியோதான் காரணம். அதில் ஒருவர் பாட்டிலை தலைக்கு மேல் வீசி முதுகுக்கு பின்னால் பிடிக்கிறார். கலர் கலராக கிளாசில் ஊற்றுகிறார். சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள்.

வீட்டில் சொன்னால் நடப்பதே வேறு. "குடிகாரங்களுக்கு ஊத்தி குடுக்கறதுக்கா உன்னை படிக்க வெச்சேன்?" என்று அம்மா சத்தம் போடுவார். பையன் மனதில் இருப்பது வீடியோவில் பார்த்த பார். அம்மா மனதில் இருப்பது டாஸ்மாக் கடைக்கு பக்கத்தில் தகர கொட்டகை போட்ட பார். இரண்டுக்கும் பெயர் ஒன்று. வேலை ஒன்று அல்ல. இது தெரியாமல் வேலைக்கு போனவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

டாஸ்மாக் பாரில் பார்டெண்டர் கிடையாது

தமிழ்நாட்டில் மதுபான சில்லறை விற்பனை 2003-ம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் உள்ளது. அதற்கு முன்பு தனியார்தான் ஒயின் ஷாப் நடத்தி வந்தனர். இப்போது சீல் உடைக்காத பாட்டிலை கடையில் இருக்கும் டாஸ்மாக் ஊழியர்தான் விற்க வேண்டும்.

கடையை ஒட்டி இருக்கும் பாரை டெண்டர் எடுத்து நடத்துபவர் தனியார். அவர் தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டிலை எடுத்துக் கொள்ளலாம். அதற்குத்தான் அவரிடம் பணம் வாங்குகிறார்கள். மது விற்க அவருக்கு உரிமை இல்லை.

ஆகவே அங்கே வேலைக்கு சேரும் பையன் செய்வது சப்ளையர் வேலை. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், சுண்டல், ஆம்லெட் கொண்டு போய் வைக்க வேண்டும். மேஜை துடைக்க வேண்டும். வாந்தி எடுத்தால் கழுவ வேண்டும். சண்டை வந்தால் நடுவில் போய் விலக்க வேண்டும். பத்து வருடம் இருந்தாலும் ஒரு காக்டெய்ல் கலக்க தெரியாது. ஏனென்றால் அங்கே யாரும் அதை கேட்பதில்லை.

அதைவிட பெரிய ஆபத்து இன்னொன்று. பகல் 12 மணிக்கு கடை திறப்பதற்கு முன்பும், இரவு 10 மணிக்கு மூடிய பிறகும், காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி விடுமுறை நாட்களிலும் சில இடங்களில் பிளாக்கில் பாட்டில் விற்கிறார்கள். அந்த நேரத்தில் முதலாளி வீட்டில் இருப்பார். அட்டைப்பெட்டியோடு நிற்பது வேலைக்கு வந்த பையன். போலீசார் திடீர் சோதனைக்கு வந்தால் கைது ஆவதும் அவன்தான். 1937-ம் ஆண்டு மதுவிலக்கு சட்டத்தின் கீழ் வழக்கு பாயும்.

பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு, அதே மாதக் கடைசியில் இந்த சட்டத்தை திருத்தி தண்டனையை கடுமையாக்கினார்கள். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் அதை விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், ஓனர் விக்க சொன்னார்" என்பது ஸ்டேஷனில் எடுபடாது.

இந்த மாவட்டத்தில் விடியற்காலை கிரவுண்டுக்கு போய் பார்த்தால் தெரியும். போலீஸ் வேலைக்கும், ராணுவத்துக்கும் எத்தனை பையன்கள் ஓடி பழகுகிறார்கள்! வழக்கு ஒன்று இருந்தால் போலீஸ் தேர்வில் எல்லாம் ஜெயித்து வந்தாலும் கடைசியில் நன்னடத்தை விசாரணையில் அடிபட்டுவிடும். பாஸ்போர்ட் விசாரணையிலும் அதே தொல்லை. ஒரு மாத செலவு பணத்துக்காக இதை பணயம் வைப்பது நியாயமா என்பதை வேலைக்கு போகும் முன்பே யோசிக்க வேண்டும்.

18 வயது ஆகாதவர்கள் இந்த பக்கமே போகக்கூடாது. சிறுவர்களை மது விற்க பயன்படுத்தினால் சிறார் நீதி சட்டத்தின்படி வேலைக்கு வைத்தவருக்கு 7 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம் உண்டு.

நிஜமான பார் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் கிளப்புகளுக்கு எப்.எல்.2, ஸ்டார் ஓட்டல்களுக்கு எப்.எல்.3 என்று தனி லைசென்ஸ் தருகிறார்கள். பார்டெண்டர் என்று ஒருவர் கவுண்டருக்கு பின்னால் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். திருவண்ணாமலை கோவில் நகரம். ஓட்டல் நிறைய இருந்தாலும் வருகிறவர்கள் அண்ணாமலையாரை பார்க்க வருகிறவர்கள். சைவ சாப்பாட்டுக்குத்தான் கிராக்கி. தீபத் திருவிழா சமயத்தில் டாஸ்மாக் கடைகளையே மூட சொல்லி கலெக்டர் உத்தரவு போடுவது வழக்கம். எனவே உள்ளூரில் இந்த தொழிலை நம்ப முடியாது.

கல்யாண பார்ட்டியில் ஊற்றி கொடுக்கலாமா என்றால் அதற்கும் வழி இல்லை. 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருமண மண்டபங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் சிறப்பு அனுமதி பெற்று மது பரிமாறலாம் என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திருமண மண்டபத்தை அதில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

கீழ்பென்னாத்தூர்காரருக்கு கிட்டத்தில் இருக்கும் நிஜ பார் ஊர் புதுச்சேரி. செஞ்சி, திண்டிவனம் வழியாக பஸ்சில் போய்விடலாம். அங்கே தனி கலால் துறை, தனி சட்டம். ரெஸ்டாரண்டோடு சேர்ந்த பார்கள் தெருவுக்கு தெரு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு வந்தால் சென்னையில் இருந்தும், பெங்களூரில் இருந்தும் கூட்டம் குவிகிறது. வார நாளில் இருக்கும் ஆட்கள் போதாமல் வாரக்கடைசிக்கு மட்டும் ஆள் எடுப்பது இதனால்தான். பகுதி நேர பார் வேலை என்பது நடைமுறையில் இந்த வாரக்கடைசி வேலைதான்.

ஆனால் தினமும் போய் வர முடியாது. ராத்திரி பாரை மூடிய பிறகும் கிளாஸ் கழுவி, ஸ்டாக் கணக்கு ஒப்படைத்து வெளியே வர நள்ளிரவு தாண்டும். அதற்கு மேல் ஊருக்கு பஸ் கிடைப்பது கஷ்டம். பைக்கில் தூக்க கலக்கத்தோடு திண்டிவனம் ரோட்டில் வருவது உயிரோடு விளையாடுவது. தங்க இடமும், ராத்திரி சாப்பாடும் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக் கொள்ள வேண்டும். இல்லை என்றால் சம்பளத்தில் பாதி ரூம் வாடகைக்கே போய்விடும்.

இன்னொரு விஷயம். புதுச்சேரியில் வேலை என்று தெரிந்ததும் ஊரில் கூட்டாளிகள் விடமாட்டார்கள். "தல, வரும்போது ரெண்டு பாட்டில் போட்டுட்டு வா" என்பார்கள். எல்லையில் மதுவிலக்கு போலீசார் பையை பிரித்து பார்ப்பார்கள். புதுச்சேரி சரக்கை தமிழ்நாட்டுக்குள் கடத்தி வருவது குற்றம். நட்புக்காக கொண்டு வந்தேன் என்றாலும் கேஸ் கேஸ்தான்.

என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பாட்டிலை தூக்கி வீசுவதை யாரும் முதலில் கேட்பதில்லை. கேட்பது அளவும் கணக்கும். ஸ்மால் என்றால் 30 மி.லி., லார்ஜ் என்றால் 60 மி.லி. முழு பாட்டில் 750 மி.லி. ஆகவே ஒரு பாட்டிலில் 25 ஸ்மால் வர வேண்டும். தினமும் ராத்திரி எத்தனை பில் போட்டார்கள், பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று கணக்கு பார்ப்பார்கள். தாராள கையோடு ஊற்றி 23-லேயே பாட்டில் காலியானால், மீதி 2 எங்கே என்று கேட்பார்கள். பல இடங்களில் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். குறைத்து ஊற்றினால் குடிக்க வந்தவர் சண்டைக்கு வருவார். அதனால்தான் முத்திரை போட்ட அளவு குவளையில் ஊற்றுகிறார்கள்.

இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியை வைத்து 30 மி.லி. ஊற்றி ஊற்றி பார்க்க வேண்டியதுதான். சிந்தாமல் கண் அளவுக்கே கை வர வேண்டும். அம்மா பார்த்தால் என்ன நினைப்பாரோ, அதற்கு முன்பே விஷயத்தை சொல்லிவிடுவது நல்லது.

முகூர்த்த நாளில் கேட்டரிங் போன அனுபவத்தை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். டிரே பிடித்து கூட்டத்தில் நடப்பது, ஒரே நேரத்தில் நாலு மேஜையை நினைவில் வைப்பது, பெரியவர்களிடம் பணிவாக பேசுவது எல்லாம் அங்கேதான் வருகிறது. சைவ ஓட்டலில் சப்ளையராக ஆறு மாதம் இருந்தவரை பாரில் ஹெல்பராக எடுக்க தயங்கமாட்டார்கள். கூடவே மெனு படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் வேண்டும். புதுச்சேரியில் இந்தி நாலு வார்த்தை தெரிந்தால் கூடுதல் வசதி.

முறையாக படிக்க நினைப்பவர்களுக்கு சென்னை தரமணியிலும், திருச்சி துவாக்குடியிலும், புதுச்சேரி முருங்கப்பாக்கத்திலும் அரசு ஓட்டல் மேனேஜ்மெண்ட் கல்லூரிகள் உள்ளன. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-ம் ஆண்டு வாக்கில் 'ஹுனர் சே ரோஜ்கார் தக்' என்ற பெயரில் ஓட்டல் வேலைக்கு இலவச குறுகிய கால பயிற்சியை தொடங்கியது. அது போல் இந்த ஆண்டு என்ன பயிற்சி நடக்கிறது என்று இந்த கல்லூரிகளில் நேரில் போய் விசாரிக்கலாம். தனியார் பயிற்சி நிலையம் என்றால் பணம் கட்டும் முன்பு, அங்கே படித்த இரண்டு பேர் இப்போது எந்த பாரில் நிற்கிறார்கள் என்று கேட்டு அங்கே போய் பார்ப்பது உத்தமம்.

கப்பலில் பார்டெண்டர் வேலை, லட்சத்தில் சம்பளம் என்று ஆசை காட்டும் ஏஜெண்டுகளிடம் கவனம் தேவை. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க மத்திய கப்பல் போக்குவரத்து இயக்குனரகத்தின் லைசென்ஸ் வேண்டும். வேலை வாங்கி தர மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது என்பது விதி. வளைகுடா நாடு என்றால் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜெண்டு பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். குவைத்தில் மதுவுக்கே தடை. அங்கே பார்டெண்டர் வேலை என்று யாராவது சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

பெண்கள் வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம். டெல்லியில் முன்பு பெண்களும், 25 வயதுக்கு குறைந்த ஆண்களும் மது பரிமாறும் இடத்தில் வேலை செய்ய தடை இருந்தது. பழைய பஞ்சாப் கலால் சட்டத்தில் இருந்த அந்த பிரிவு செல்லாது என்று 2007-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. பெண்ணுக்கு பாதுகாப்பு கொடுக்க வேண்டுமே தவிர வேலையை பறிக்கக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். நாட்டின் முதல் பெண் பார்டெண்டர் என்று பெயர் பெற்ற மும்பை ஷத்பி பாசு, பிறகு பார்டெண்டர் பயிற்சி பள்ளியே நடத்தினார். ஆனால் ராத்திரி வீட்டுக்கு வண்டி அனுப்பாத இடத்தில் பெண்கள் சேர வேண்டாம்.

எப்படி போய் கேட்பது?

கூட்டம் இருக்கும் ராத்திரி நேரத்தில் போய் வேலை கேட்டால் விரட்டத்தான் செய்வார்கள். மாலை 4 மணி வாக்கில் போனால் பாரில் துடைத்து அடுக்கிக்கொண்டு இருப்பார்கள். அப்போது மேனேஜரையோ, கேப்டனையோ பார்த்து, "சார், சனி, ஞாயிறு மட்டும் ஹெல்பர் வேலை இருக்குதா?" என்று கேட்கலாம். ஆதார் நகலும் வயது சான்றும் கையில் இருக்கட்டும். எடுத்ததும் பார்டெண்டர் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

சம்பளம் நாள் கணக்கா, மாத கணக்கா, டிப்ஸை எப்படி பிரிக்கிறார்கள், கிளாஸ் உடைந்தால் பிடிப்பார்களா, விடுமுறை நாளில் சம்பளம் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். 10 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. உண்டா என்பதையும் கேட்கலாம். வேலை நேரத்தில் வாடிக்கையாளர் "நீயும் ஒரு பெக் போடு தம்பி" என்று நீட்டுவார். வாங்கியது கேமராவில் தெரிந்தால் அன்றோடு வேலை போகும். வாங்கி பழகியவர்களில் வேலையோடு குடும்பத்தையும் தொலைத்தவர்கள் இந்த தொழிலில் உண்டு. அம்மாவின் பயம் சும்மா இல்லை.

ஒத்துக்கொண்டு உள்ளே விட்டால் முதல் சில வாரங்கள் பாட்டிலை தொடவே விடமாட்டார்கள். ஐஸ் உடைக்க வேண்டும், கிளாசை கறை இல்லாமல் துடைக்க வேண்டும், ஒரு கூடை எலுமிச்சம்பழம் நறுக்க வேண்டும். விரலில் சின்ன வெட்டு இருந்தாலும் அந்த சாறு பட்டு எரியும். பழைய ஆட்கள் கையுறை போட்டுக்கொள்கிறார்கள்.