கைதட்டலும் சம்பளமும்

"நம்முடைய பெண்கள் ரொம்பவும் சிரமப்பட்டு உழைத்தார்கள்."

ஒரு காரியாலயத்தின் ஆண்டு விழாவில் மானேஜர் இப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூன்று மாதம் ராப்பகலாகக் கணக்குகளைச் சரிபார்த்த பெண் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். யாருக்காகத் தட்டுகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது!

'நம்முடைய பெண்கள்' என்று மொத்தமாகச் சொல்வதற்கும், ஒருத்தியின் பெயரைச் சபையில் சொல்வதற்கும் எத்தனை தூரம்! அன்று வீடு திரும்பும்போது எனக்கு ஞாபகம் வந்தவர், வில்லியமினா பிளெமிங் என்ற அம்மாள்.

ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் 1857-இல் பிறந்தவர். 1878-இல் கணவனோடு அமெரிக்காவுக்கு வந்து, பாஸ்டனில் குடியேறினார். அங்கே கணவன் அவரைக் கைவிட்டுப் போய்விட்டான். அப்போது அவர் கர்ப்பிணி. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு வீட்டில் வேலைக்காரியாக அமர்ந்தார். அது ஹார்வர்டு வான ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டர் புரொபஸர் பிக்கரிங்கின் வீடு. தம்மிடம் வேலை பார்த்த ஆண்கள்மேல் எரிச்சலடைந்த பிக்கரிங், "என் வீட்டு வேலைக்காரி இதைவிட நன்றாகச் செய்வாள்!" என்று கத்தினாராம். கேட்க நன்றாயிருக்கிறது, நிஜமோ என்னவோ! எப்படியானாலும், 1881-இல் அந்த நிலையத்திலேயே அம்மாளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

என்ன வேலை? இரவில் டெலஸ்கோப் மூலம் நட்சத்திரங்களைக் கண்ணாடித் தகடுகளில் போட்டோ பிடிப்பார்கள். பகலில் பெண்கள் அந்தத் தகடுகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, ஒளி பிரிந்து விழுந்திருக்கும் விதத்தைக் கொண்டு நட்சத்திரங்களை வகைப்படுத்த வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமை வேண்டும். அதில் கண் தப்பினால் பல்லோடு போகும். இதில் தப்பினால் ஒரு நட்சத்திரமே போய்விடும்! கூலி, மணிக்கு 25 சென்ட். 1890-இல் 10,351 நட்சத்திரங்களுக்கு ஜாபிதா வெளிவந்தது. பெரும்பகுதி பிளெமிங் அம்மாளின் உழைப்பு. ஆனால் புத்தகம் டைரக்டர் பெயரில் வந்தது.

அங்கேயே அன்டோனியா மோரி என்று ஒரு படித்த பெண். மகா பிடிவாதக்காரி. தான் செய்த வேலை தன்னுடையது என்று ஏற்கப்படும் வரையில் அதை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது நியாயமில்லை என்று பிக்கரிங்குக்கே கடிதம் எழுதினார். 1897-இல் அந்த நூல் வெளிவந்தபோது, முகப்பில் மோரியின் பெயர் இருந்தது. கேட்டதால் கிடைத்தது.

மறு வருஷம், 1898 ஆகஸ்டில், ஹார்வர்டில் வான சாஸ்திரிகளின் மகாநாடு. பிளெமிங் அம்மாள் எழுதிய கட்டுரையைப் பிக்கரிங் வாசித்தார். வாசித்து முடித்ததும், தாளில் இல்லாத ஒன்றைத் தாமாகச் சேர்த்துக் கொண்டார். இதில் சொல்லப்பட்ட நட்சத்திரங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் தாமே என்பதைக் கட்டுரை ஆசிரியை எழுதாமல் விட்டுவிட்டார் என்றார்!

சபை அதிரக் கைதட்டல். அம்மாளை விடவில்லை, எழுந்து முன்னால் வரவேண்டியதாயிற்று. வந்தவர்களின் கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். இருபது வருஷத்துக்கு முன்னே கைவிடப்பட்டு, பிறர் வீட்டில் ஊழியம் செய்த பெண்! பிக்கரிங்குக்கு என்ன குறைந்து போயிற்று? அந்த மனிதரை இன்றைக்கும் நாம் நல்லபடியாக நினைப்பதற்கு அந்த ஒரு வாக்கியமும் காரணம். அடுத்த வருஷமே நட்சத்திரப் போட்டோக்களின் காப்பாளர் என்ற பதவியும் அம்மாளுக்கு வந்தது. ஹார்வர்டில் அப்படியொரு பதவி பெற்ற முதல் பெண் அவர்தான்.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் 1900 மார்ச்சில் அம்மாள் எழுதிய டயரி இருக்கிறதே! சம்பளத்தைப் பற்றி அன்று டைரக்டரிடம் பேசியிருக்கிறார். பெண்கள் வாங்கும் சம்பளத்தைப் பார்த்தால் உங்களுடையது மிக நல்ல சம்பளம் என்று பதில் வந்ததாம். அம்மாளுக்கு வருஷத்துக்கு 1,500 டாலர்; ஆண் உதவியாளர் சிலருக்கு 2,500. ஆண்களைப் போலத் தமக்கும் ஒரு வீடு உண்டு, காப்பாற்றக் குடும்பம் உண்டு என்பதை அவர் எப்போதாவது நினைக்கிறாரா என்று டயரியில் குமுறுகிறார். வேலையை உதறிவிட்டு, ஓர் ஆணைக் கொண்டு செய்து பார்க்கட்டும் என்று விடலாமா என்றுகூட எழுதுகிறார்.

உதறவில்லை. 1911-இல் காலமாகும் வரை அதே நிலையம், அதே கண்ணாடித் தகடுகள்.

அந்த டயரி ரகசியமாக எழுதியதல்ல. 1900-ஆம் வருஷத்து வாழ்க்கையைப் பின்னால் வருகிறவர்கள் தெரிந்து கொள்ளட்டும் என்று ஹார்வர்டில் ஒரு பெட்டி சேர்த்து வைத்தார்கள், அதற்காக எழுதியது. அந்தப் பெட்டிக்குள் தம் சம்பளக் கணக்கையும் அம்மாள் போட்டு வைத்துவிட்டுப் போனார்.